பத்தாவது நாடு

"ஒன்பதுதானா? நல்லா எண்ணிப் பாரு வில்லிசி. பத்தாவது நாடு எங்கயாவது கட்டிலுக்கு அடியில தூங்கிக்கிட்டிருக்கும்."

"நாடு எப்படி சார் கட்டிலுக்கு அடியில தூங்கும்? நியூவே போயிடுச்சு. நேத்து சாயங்கால விமானத்துல போயிடுச்சு."

போனின் அந்தப் பக்கம் டீன் ஹிர்தேஷ் மூச்சை இழுத்துப் பிடித்தது வில்லிசிக்கு நன்றாகக் கேட்டது. அந்த மூச்சு வெளியே வரும்போது தன் வேலையும் கூடவே வெளியே வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஃபிஜியின் லௌட்டோக்காவில் அரசுப் பல்கலைக்கழகத்தின் தீவு இல்லத்துக்கு வில்லிசிதான் வார்டன். பத்துத் தீவு நாடுகளின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழே தங்கிப் படிக்கிற இடம் அது. டோங்காவிலிருந்து ஒரு படை, சமோவாவிலிருந்து ஒரு படை, சாலமன் தீவுகளிலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டி என்று வீடு நிறைய ஆள் உண்டு. நியூவேயிலிருந்து மட்டும் ஒரே ஒருவன், டொங்கியா. நியூவே மொத்தத்தையும் திரட்டி வந்து நிறுத்தினாலும் சனிக்கிழமை லௌட்டோக்கா சந்தையில் நிற்கிற கூட்டம் தேறாது. அங்கிருந்து ஒருவன் படிக்க வந்ததே பெரிய விஷயம். வந்தவன் படிப்போடு நின்றிருக்கலாம். ரக்பியும் ஆடித் தொலைத்தான். நியூசிலாந்தில் ஒரு அணி கூப்பிட்டது. "அக்கா, என் தலையணைய யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போகிறவன் ஒருநாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா? தீவு நாடுகளின் கூட்டு நிதிக்குழு இன்றைக்குத்தான் வருகிறது. அவர்கள் தருகிற பணத்தில்தான் இல்லம் ஓடுகிறது. பத்து நாட்டுப் பிள்ளைகளும் இருந்தால்தான் அது தீவு இல்லம். ஒன்று குறைந்தாலும் அது வெறும் விடுதி, வெறும் விடுதிக்கு நிதி கிடையாது. நிதி நின்றால் கட்டடத்தை இடித்து அங்கே கார் நிறுத்த இடம் போடலாம் என்று நிர்வாகத்தில் சிலர் எப்போதிருந்தோ நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அவங்கள்லயும் நாட்டுக்கு ஒருத்தர்னு பத்துப் பேர் வர்றாங்க" என்றார் டீன். "பத்துப் பேரும் உக்காந்தாத்தான் அவங்க முடிவு செல்லும். அவ்வளவு கறாரான ஆளுங்க. நியூவேக்காரர் வந்து 'எங்க பிள்ள எங்க?'ன்னு கேட்டா நான் ரக்பி பந்தையா காட்டுறது? என்னமாவது பண்ணு வில்லிசி."

என்னமாவது பண்ணு என்பதுதான் டீனுடைய நிர்வாகத் திறமை. இருபக்கமும் யோசித்து முடிவெடுக்கிற வேலையை அவர் எப்போதும் அடுத்தவர்களுக்கே விட்டுவிடுவார்.

மெஸ்ஸில் மரவள்ளிக்கிழங்கும் டீயுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை வில்லிசி பார்த்தாள். கிரிபாட்டியிலிருந்து வந்த தபெட்டா சாலமன் பையன்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் பருவம் முழுக்க இந்தப் பெண் வாயையே திறக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும். இப்போது தப்பாகப் பாடுகிறவன் மண்டையில் கரண்டியால் தட்டுகிறது. வீட்டை மூடினால் இவர்களெல்லாம் ஊருக்குள் ஆளுக்கொரு வாடகை அறையில் அடைந்துகிடக்க வேண்டியதுதான். தபெட்டா மறுபடி மாடிப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த நேரம் பார்த்து நிதிக்குழுவின் தலைவர் ஃபாலனிகோ நேரடியாகவே போன் செய்தார். கனத்த சமோவாக் குரல்.

"எல்லாப் பிள்ளைகளும் இருக்காங்களாம்மா?"

"இருக்காங்கய்யா" என்றாள் வில்லிசி. "நியூவேப் பிள்ள மட்டும்... கொஞ்சம் உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில..."

சொல்லி முடிப்பதற்குள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தீவுகளில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். பத்துப் பேர் பழக்கூடையும் பைபிளுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

"அடடா! அப்ப நாங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறோம். ரெண்டு பாட்டு பாடி, ஒரு ஜெபம் பண்ணிட்டு அப்புறம் இல்லத்துக்கு வர்றோம். எந்த வார்டு?"

"இல்லய்யா, இல்லய்யா! சரியாயிடுச்சு. அனுப்பிட்டாங்க. இதோ வாசல்ல வந்து எறங்குது!"

"கடவுளுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி அவர் போனை வைத்தார். வில்லிசி ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஊரில் இல்லாத பிள்ளையை நோயாளியாக்கி, குணமாக்கி, வாசலிலும் கொண்டுவந்து இறக்கியாகிவிட்டது. இனி அதற்கு ஒரு உடம்பு வேண்டும்.

டோங்காப் பிள்ளைகளை நியூவே என்று காட்டினால் குழுவின் டோங்காக்காரர் பார்த்த மாத்திரத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். சமோவாவும் அதே கதை. இல்லத்தில் இருக்கிற எந்த முகமும் ஆகாது. அப்போதுதான் பக்கத்து உள்ளூர் விடுதியின் ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மகெரெட்டா!

மகெரெட்டா ரொட்டுமாத் தீவுப் பெண். ரொட்டுமா எங்கள் ஃபிஜியைச் சேர்ந்ததுதான் என்றாலும் அந்தத் தீவு தூரத்தில் தனியாகக் கிடக்கிறது. முகச்சாயல் வேறு, பேச்சும் வேறு, எங்களுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. நியூவே என்று சொன்னால் நம்பலாம். ஒரே ஒரு கோளாறு, சட்டம் படிக்கிற அந்தப் பெண்ணுக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"நான் நியூவேயா?" என்றாள் மகெரெட்டா. "அக்கா, இது ஆள்மாறாட்டம். தண்டனைச் சட்டத்துல இதுக்கு எத்தன வருஷம்னு சொல்லட்டா?"

"சொல்ல வேணாம் தாயே. கெஞ்சிக் கேக்கறேன், மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

எங்கள் ஊரில் ஒருத்தர் இப்படிக் கெஞ்சிக் கேட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழாது. கட்டியிருக்கிற துணியைக் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத்தான் யோசிப்போம். மகெரெட்டாவும் தலையைச் சொறிந்தாள், சம்மதித்தாள்.

"சரி, அந்த நியூவேக்காரர் மொத கேள்வி என்ன கேப்பாருன்னு தெரியும்ல? 'யார் பிள்ள நீ, எந்த ஊரு?'ன்னு கேப்பாரு. அந்தத் தீவுல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நான் எந்தப் பேரச் சொன்னாலும், 'அவனா, அவன் என் மச்சான், அவனுக்குப் பிள்ளையே கிடையாதே'ம்பாரு."

வில்லிசி யோசித்தாள். "நீ பேசவே வேணாம். உனக்குத் தொண்டையில வியாதி. டாக்டர் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நான்? வாயத் தொறக்காம?"

"ஒரு மத்தியானம் மட்டும்டி!"

பக்கத்தில் நின்ற டோங்காப் பையன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அதுக்கு டொங்கியாவையே நீந்தி வரச் சொல்லலாம். அது சுலபம்."

ஆனாலும் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி, 'ஃபகாலோஃபா லாஹி அட்டு' என்று நியூவே வணக்கத்தைக் கற்றுக்கொடுத்து, அதையும் வாய்க்குள்ளேயே சொல்லச் சொல்லி, அவளைத் தயார் செய்தார்கள். டொங்கியாவின் தலையணையைக் கட்டிலில் போட்டு மேலே உட்காரவும் வைத்தார்கள்.

குழு ஒரு சிறிய பேருந்தில் வந்து இறங்கியது. பூப்போட்ட சட்டைகள், பாவாடைகள், நெஞ்சில் நாட்டின் பெயர் மட்டும் எழுதிய வில்லை. டீன் ஹிர்தேஷ் ஓடி ஓடி மாலை போட்டார். வில்லிசியின் கண்கள் 'நியூவே' வில்லையைத் தேடின. அதைக் குத்தியிருந்தது ஒரு பெண்மணி. தலையில் செம்பருத்தி, முகத்தில் அழியாத புன்னகை.

"நான் சிலீனா. வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா?" என்று வில்லிசியைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் இங்கயேதாம்மா இருக்கேன். பயணம் பண்ணி வந்தது நீங்க."

"ஆமால்ல" என்று சிலீனா அவசரமாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க நியூவேப் பிள்ள... ரொம்ப முடியலியோ? முடியலேன்னா வெளிய வர வேணாம். தொந்தரவு பண்ணாதீங்க. தூங்கட்டும் பாவம்" என்றாள்.

எவ்வளவு நல்ல மனுஷி என்று வில்லிசிக்கு உருகிப் போயிற்று. இந்த மனுஷியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஃபாலனிகோ விடுவாரா? "நோயாளியப் பாக்காம சோறு எறங்குமா?" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு அறைக்கே போய்விட்டார்.

மகெரெட்டா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். சிலீனா கதவோரமாக, டோங்காக்காரரின் அகலமான முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கிட்டேயே வரவில்லை. தெரிந்துவிட்டது, பார்த்ததுமே இவள் நம்ம ஊர்க்காரி இல்லை என்று தெரிந்துவிட்டது, அதுதான் ஒதுங்கி நிற்கிறாள் என்று வில்லிசி முடிவு கட்டினாள்.

"தொண்டையா?" என்றார் டோங்காக்காரர். "தொண்டைக்கு நோனிச் சாறு மாதிரி வராது. என் பையிலயே இருக்கு."

"நோனியா? எண்ணெய் போட்டு நீவணும்" என்றார் ஃபாலனிகோ.

"ரெண்டும் வேணாம், உப்புத்தண்ணியில..." என்று சாலமன்காரர் ஆரம்பித்தார்.

வைத்தியம் சொல்லத் தெரியாத தீவுக்காரன் இன்னும் பிறக்கவில்லை. ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே டோங்காக்காரர் நோனிப் புட்டியைத் திறந்துவிட்டார். அழுகின நோனிப் பழத்தின் நாற்றம் அறையை நிரப்பியது. வேண்டாம் வேண்டாம் என்று மகெரெட்டா கையை ஆட்டினாள். பேசக்கூடாதவள் ஆட்சேபிப்பது எப்படி? அகன்ற கை ஒன்று தாடையைப் பிடித்தது, ஒரு குவளை நோனி உள்ளே இறங்கியது.

மகெரெட்டா துள்ளி எழுந்து தன் பாஷையில் பெருங்குரலில் கத்தினாள். என்ன கத்தினாள் என்று யாருக்கும் புரியவில்லை. நல்ல வார்த்தைகளாக இருக்க வாய்ப்பே இல்லை.

"பேசிட்டா!" என்று டோங்காக்காரர் கையைத் தட்டினார். "நான் சொல்லல?"

கதவோரத்தில் சிலீனா மட்டும் கண்ணை அகல விரித்து நின்றாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று வில்லிசி கடவுளை அழைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் விஷயம் இன்னும் முற்றியது. அடுப்புக்குழியில் வெந்த கோழியும் சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் மிதக்கிற மீனுமாக மேசை நிறைந்திருந்தது. ஜெபம் முடியாமல் யாரும் கை வைக்க முடியாது. பொய்யை இன்னும் பலப்படுத்த டீன் ஹிர்தேஷுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. அந்த மனிதருக்கு வருஷத்துக்கு ஒரு யோசனைதான் உதிக்கும், அது இன்றைக்கா உதிக்க வேண்டும்?

"நம்ம நியூவேப் பிள்ளைக்குக் குரல் திரும்பியிருக்கு. அத கொண்டாட வேணாமா? இவங்களும் சிலீனா அம்மாவும் சேர்ந்து, நியூவே மொழியில நமக்காக ஜெபம் பண்ணுவாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். வில்லிசி மேசைக்கு அடியில் டீனின் காலை ஒரு மிதி மிதித்தாள். அவர், "ஏம்மா, எடம் பத்தலியா?" என்று தள்ளி உட்கார்ந்தார்.

சிலீனா எழுந்தாள். முகத்தில் அந்தப் புன்னகை முதல்முறையாகக் காணாமல் போயிருந்தது. "சின்னவங்க மொதல்ல" என்றாள் மெல்ல.

மகெரெட்டா வில்லிசியைப் பார்த்தாள். வில்லிசி கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மகெரெட்டா கண்ணை மூடி, தன் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ரொட்டுமா ஜெபத்தையே கடகடவென்று சொன்னாள். முடித்துவிட்டு, தூக்குமேடைக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

சிலீனாவின் உதடு துடித்தது. பிறகு, "ஆமென்!" என்று ஓங்கிச் சொல்லி, மகெரெட்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதருகே மளமளவென்று ஏதோ சொன்னாள். மகெரெட்டாவின் வாய் பிளந்தது. பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"என்ன அழகான மொழி!" என்றார் டீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோழியை வெளுத்துக் கட்டினார்கள். வில்லிசி மகெரெட்டாவைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"காதுல என்னடி சொன்னாங்க?"

"'வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு, நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்கக்கா."

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"கண்டுபிடிச்சுட்டாங்க."

"கோவப்படலியா?"

"கோவமா? என் கோழித்தொடையையும் எடுத்துத் தின்னுட்டாங்க." மகெரெட்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, மிச்சத்த அப்புறம் சொல்றேன். இப்ப சொன்னா நீங்க விழுந்துடுவீங்க." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

வில்லிசி அடுப்பருகே நின்றுவிட்டாள். தன் நாட்டுப் பிள்ளை என்று எவளையோ நிறுத்தி ஏமாற்றியிருக்கிறார்கள். அது தெரிந்தும் அந்த அம்மா காட்டிக் கொடுக்காமல் மூடி மறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இப்படிப்பட்டவர்கள் முன்னால் பொய்யை நிலைநாட்டி ஒரு வீட்டைக் காப்பாற்றுவதா? பின்கட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். தபெட்டாவின் குரல் மேலே மேலே ஏறியது. அந்தக் குரலுக்காகத்தான் பொய்யே சொன்னாள். ஆனால் பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிற வீடு இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு இன்னொரு நோனிச் சாற்றில் இடிந்து விழும்.

எங்கள் வழக்கப்படி பெரிய தப்புக்கு வெறும் வாயால் மன்னிப்பு கேட்கக் கூடாது. வழியனுப்பும்போது கொடுக்க வைத்திருந்த, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டை வில்லிசி எடுத்துக்கொண்டாள். குழு டீ குடித்துக்கொண்டிருந்த கூடத்துக்குப் போய்ப் பாயில் மண்டியிட்டு, வேர்க்கட்டை ஃபாலனிகோ முன்னால் வைத்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்த அவர் திகைத்தார்.

"அய்யா, எங்ககிட்ட ஒன்பது நாடுதான் இருக்கு. நியூவேப் பையன் போயிட்டான். நீங்க பாத்த பொண்ணு நியூவே இல்ல. ரொட்டுமா. சிலீனா அம்மாவுக்கு இது தெரியும். பெரிய மனசு பண்ணிச் சொல்லாம இருந்தாங்க. தப்பு என்னோடது. பிள்ளைங்க மேல கோவப்படாதீங்க. இங்க வந்தப்பறந்தான் இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே கத்துக்கிட்டாங்க. வீட்ட மட்டும் மூடிடாதீங்கய்யா."

டீன் ஹிர்தேஷ் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

டோங்காக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்தார். சாலமன்காரருக்கு இருமல் வந்தது. சிலீனா தன் நகங்களை ஆராய்ந்தாள். ஃபாலனிகோவின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. இடி இறங்கப் போகிறது என்று வில்லிசி கண்ணை மூடிக்கொண்டாள்.

இடி இறங்கவில்லை. ஃபாலனிகோ குனிந்து வேர்க்கட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டாயிற்று.

"எந்திரிம்மா" என்றார். குரல் கரகரத்தது. "இவ்வளவு தண்ணியில தூரம் தூரமாக் கிடக்கிறோம். ஒருத்தரால வர முடியலேன்னா இருக்கறவங்க சேர்ந்து சமாளிக்கிறதுதானம்மா நம்ம வழக்கம். அதுக்குப் போய் வீட்ட மூடுனா நியாயமா? என்ன சொல்றீங்க?"

"மூடவே கூடாது!" என்றார்கள் குழுவினர், ஏதோ தங்களைக் குற்றம் சாட்டிய மாதிரி ஏகக் குரலில். கை தூக்கச் சொன்னதும் முதலில் தூக்கியது சிலீனாதான்.

"அடுத்த வருஷத்துக்கு நியூவேப் பிள்ளைகளுக்கு ரெண்டு இடம் ஒதுக்குறோம். அதுவரைக்கும் அந்தக் கட்டில் காலியா இருந்தா இருக்கட்டும், நாங்க எண்ண மாட்டோம். ரொட்டுமாப் பொண்ணு பிரியப்பட்டா அவளும் இங்கயே தங்கட்டும்" என்று ஃபாலனிகோ சொல்லி முடித்தார்.

வில்லிசிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா? ஒரு வார்த்தை திட்டவில்லையே! உண்மையைச் சொன்னவளுக்கு இவ்வளவு மரியாதையா? பின்கட்டுக்கு ஓடி, "வீடு நிக்குதுடி!" என்று கத்தினாள். தபெட்டா கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டோங்காப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். டீன் ஹிர்தேஷ், இதெல்லாம் தன்னுடைய யோசனை என்று சாலமன்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் பேருந்தின் ஹாரன் விடாமல் அலறியது. டிரைவர் சுக்தேவ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். யாரிடம் சொல்வது என்று தேடி, பின்கட்டிலிருந்து திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற வில்லிசியிடமே வந்தார்.

"நம்ம ரொட்டுமா சிலீனாவச் சீக்கிரம் அனுப்புங்கம்மா, இவங்க தங்கியிருக்கிற ஓட்டல் ரிசப்ஷன்ல அவளோட டூட்டி ஆரம்பிச்சாச்சு, நெஜ நியூவேக்காரர் இப்பத்தான் நாண்டியில விமானத்த விட்டு எறங்குறாராம்!"